ரங்கூனுக்குப் போன கனைப்பு

மாமனார் வீட்டில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்க ஆசைப்படாத மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆசைப்பட்டு வாங்கினவர்களையும் அதிகம் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்தது வேறு ஒரு பேர். அதை இன்றுவரை என்னால் உதற முடியவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு கடிகாரக் கடையில் வேலை. கடை அண்ணாச்சி தூத்துக்குடியிலிருந்து ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்து வைத்திருந்தார். சாவி கொடுத்தால் மெழுகு உருளை சுற்றும். பூப்போல விரிந்த குழாயிலிருந்து பாட்டு வரும். புது உருளை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் தெருவே கடைக்குள் வந்துவிடும். நாடகப் பாட்டு, பஜனைப் பாட்டு, யாரோ ஒருத்தன் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிற உருளை (அதற்குத்தான் கூட்டம் அதிகம்). அந்தப் பெட்டியில் இன்னொரு வித்தையும் உண்டு. வேறு ஊசி மாட்டி, வெற்று உருளையைச் சுழலவிட்டுக் குழாய்க்குள் பேசினால், பேசினது அப்படியே மெழுகில் பதிந்துவிடும். எல்லாம் ரெண்டு நிமிஷத்துக்குத்தான்.

என் மனைவி கோமதிக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. அவளுக்கு ஒரே அக்கா, உலகம்மாள். தாயில்லாத அந்த ரெண்டு பெண்களையும் தோளில் போட்டு வளர்த்தவர் என் மாமனார். அவரே இட்டுக்கட்டிய ஒரு தாலாட்டைப் பாடித்தான் தூங்க வைப்பாராம். உலகம்மாள் மதினி கைக்குழந்தையோடு ரங்கூனுக்குக் கப்பலேற இருந்த சமயம். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே வியாபாரம்.

"இந்தப் பய தாத்தா பாட்டக் கேக்காமலே வளரப்போறான்னு அக்கா அழுதுட்டே இருக்கா" என்றாள் கோமதி.

"அவ்வளவுதானே? பாட்டை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்துடுதேன்" என்றேன். (இருபத்திரண்டு வயசு வாய்.)

அண்ணாச்சியிடம் கெஞ்சிப் பெட்டியையும் மூன்று வெற்று உருளைகளையும் வாங்கிக்கொண்டு செங்கோட்டை ரயிலில் ஏறினேன். சேரன்மாதேவி தாண்டுவதற்குள் முதல் உருளை போயிற்று. எதிரே இருந்தவர் "இதுல ஒண்ணும் பதியாது வே" என்று சொல்லிவிட்டார். விட முடியுமா? அவர் பேச்சைப் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டினேன். இரண்டாவதை ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டுப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்தில் எடுத்துப் பார்த்தால் வதங்கின கத்தரிக்காய் மாதிரி வளைந்திருந்தது. மிச்சம் ஒன்று.

மறுநாள் காலை, ராகுகாலம் கழிந்ததும், கூடத்தில் பெட்டியை வைத்தேன். பாதித் தெரு உள்ளேயும் மீதித் தெரு வாசலிலும் நின்றது. மாமனார் குளித்து, திருநீறு பூசி, எடுத்து வைத்திருந்த சரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெட்டி அவர் உடுப்பையும் பதியும் என்று நினைத்தாரோ என்னவோ.

"குழாய்க்குள்ள முகத்தை வச்சுப் பாடணும் மாமா. நான் கையைக் காட்டினதும் ஆரம்பிச்சுடணும்."

"ஆகட்டும் மாப்பிள்ளை."

உருளையைச் சுழலவிட்டுக் கையைக் காட்டினேன்.

மாமனார் கனைத்தார். அவர் கனைப்பு ஊரறிந்த கனைப்பு. அடிவயிற்றில் புறப்பட்டு, நெஞ்சில் தங்கி இளைப்பாறி, பிறகுதான் தொண்டைக்கு வரும். ஒரு தடவை கனைத்தார். திருப்தியில்லாமல் இன்னொரு தடவை. பிறகு குழாய்க்குள் எட்டிப் பார்த்து, "இது கேக்குதா?" என்றார்.

நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதுவும் பதியும். இரண்டு கையையும் வீசினேன்.

"என்ன மாப்பிள்ளை, ஈ விரட்டுதீரு?"

ஊசி பாதி தூரம் போயிருந்தது. நான் பிடித்து வைத்திருந்த பொறுமையெல்லாம் அறுந்துபோய், குழாய்க்குள் என் தலையையே விட்டுக் கத்தினேன்: "பாடுங்க மாமா! பாடுங்க!"

"பைய, பைய. சுருதி சேர வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடி ராகம் இழுக்க ஆரம்பித்தார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் "ஆரா" என்று வாயெடுத்தபோது, ஊசி உருளையின் விளிம்புக்கு வந்து நின்றுவிட்டது.

அவருக்கு அது தெரியாது. மூடின கண்ணைத் திறக்காமல் முழுத் தாலாட்டையும் பாடினார். அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மதினி மடியில் பிள்ளை தூங்கிப்போனான். மதினி அழுதாள், கோமதி அழுதாள், நானும் அழுதேன். நான் அழுததற்குப் பாட்டு மட்டும் காரணமில்லை.

பாடி முடித்துவிட்டுக் குழந்தை மாதிரி ஆவலாகக் கேட்டார்: "புடிச்சுக்கிட்டதா மாப்பிள்ளை? போடும், கேப்போம்."

ஊசியை மாற்றிப் போட்டேன். வாசலில் நின்ற மீதித் தெருவும் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தது. கனைப்பு. மறுபடி கனைப்பு. இது கேக்குதா? என்ன மாப்பிள்ளை, ஈ விரட்டுதீரு? அப்புறம் கூரை அதிர என் குரல்: பாடுங்க மாமா! பாடுங்க! கொஞ்சம் இழுவை. "ஆரா..." அவ்வளவுதான்.

வாசலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் மட்டும் சரிகை வேட்டியைப் பார்த்துக்கொண்டே, "பாட்டே இல்லையே தாயி" என்றார் மதினியிடம். பூமி பிளக்காதா என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை.

மதினி எழுந்து வந்தாள். உருளையைக் கழற்றச் சொல்லி, பஞ்சு வைத்த டப்பாவில் தானே பத்திரமாகப் போட்டு மூடினாள்.

"பாட்டு எனக்குத் தெரியும்ப்பா, நானே பாடிக்கிடுவேன். இந்தக் கனைப்பு எனக்கு வராதுல்லா?"

மாமனார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அண்ணாச்சியின் பெட்டியைத் துடைப்பது போல் குனிந்துகொண்டேன்.

சில வருஷம் கழித்து மதினி ஊருக்கு வந்தாள். பையன் நன்றாக வளர்ந்திருந்தான். ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் இறங்கினார்கள். மாமனார் பேரனைப் பார்த்த சந்தோஷத்தில் மாட்டு வண்டியில் ஏறாமல் நின்றுகொண்டே இருந்தார். வெயில் ஏறுகிறதே என்று நான், "ஏறுங்க மாமா! ஏறுங்க!" என்று கத்தினேன்.

பையன் சட்டென்று திரும்பினான். "தாத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

மதினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரங்கூன்ல அவுகளும் ஒரு பெட்டி வாங்கிட்டாக. தினமும் போட்டுக் கேட்டுக் கேட்டு உருளை தேஞ்சே போச்சு தம்பி. அப்பா குரல் மங்கிட்டு. உங்க கத்தல் மட்டும் தேயவே மாட்டேங்கு. இதுதான் தாத்தான்னு நானும் சொல்லிச் சொல்லி..."

மாமனார் சிரித்தார். சிரிப்பு முற்றிக் கனைப்பாயிற்று. பையன் என் காலை விட்டுவிட்டு அவரையே பார்த்தான். "அம்மா, இந்தச் சத்தமும் பெட்டியில இருக்கே!" என்றான். அவர் அவனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். வண்டி வீடு போய்ச் சேருவதற்குள் தாலாட்டை இரண்டு முறை பாடிவிட்டார். இந்த முறை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

ஆனால் என் பேர் மாறவில்லை. சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லி எவ்வளவோ பார்த்தார்கள், பையன் மசியவில்லை. அவனைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள், தெருப் பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள். மீசையில் ஒரு நரைகூட எட்டிப் பார்க்காத வயசில் நான் ஊருக்கே தாத்தாவானேன்.

அந்த வருஷம்தான் எங்களுக்கு மூத்த மகன் பிறந்தான். தொட்டிலிட்ட அன்றைக்கு வீடு நிறைய ஜனம். ரங்கூன் பையன் வாசலில் நின்றுகொண்டு, வெளியூரிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்:

"எங்க தாத்தாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு!"

மாமனாரைப் பார்த்து எத்தனை பேர் திகைத்தார்கள் என்பதை எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது ஒருத்தர் சொல்லிக் காட்டாமல் இலை போடுவதில்லை.