உப்புத் தண்ணீரும் உன் அண்ணியின் கெட்டிலும்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அண்ணன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் என் எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. ‘ழ’ எழுதும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. உன் அண்ணி எதிரில் உட்கார்ந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இதுவரை நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு கார்டுதான் உனக்கு எழுதினார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த விஷயத்திலும் அதிக நேரம் நிற்க மாட்டார். மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பிறகு, அவர் எழுதிய ஒரு கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். நான் ஒரு மணி நேரம் தொண்டை வறளச் சொன்னதை ‘இங்கு அனைவரும் நலம்’ என்று முடித்திருந்தார்! அண்ணனுக்குப் பேச்சே கிடையாது என்று நீ இத்தனை காலம் நினைத்திருப்பாய்.

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். வீட்டு மெஷின்கள் ஒன்றும் நலமில்லை. மச்சான் தவறிப்போன பிறகு சண்டை போடக்கூட ஆளில்லை என்று நீ போனில் சொன்னது மனசிலேயே நிற்கிறது. உன் பக்கத்துப் போர்ஷன் காலியாகிவிட்டது, நாங்கள் குடிவருகிறோமா என்று வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். “எங்க ஊர்த் தண்ணிய நீங்களே பாருங்கண்ணே” என்று உன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை ஓட்டிவந்த வண்டியில் ஒரு கேன் தண்ணீரும் அனுப்பியிருந்தாய். போனில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். எழுதத் தெரிந்தவன் எதற்குப் போனில் சொல்ல வேண்டும்? மாப்பிள்ளை நாளைக் காலை திரும்புகிறார், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். காரணம் முதலில், முடிவு கடைசியில்.

எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் குழாய்த் தண்ணீர். பார்த்தால் கண்ணாடி, காய்ந்தால் சுண்ணாம்பு. ஷவரில் துவாரங்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு இப்போது ஒன்றே ஒன்றுதான் திறந்திருக்கிறது, அதுவும் கதவைப் பார்த்து அடிக்கிறது, ஆகையால் நான் கதவோடு ஒட்டி நின்று குளிக்கிறேன், உன் அண்ணி கதவைத் தட்டினால் என் முதுகில்தான் தட்டுகிறாள். ஹீட்டரைப் போட்டால் உள்ளே யாரோ கல் உடைப்பது போல் சத்தம் வருகிறது, வெந்நீர் மட்டும் வருவதில்லை. துண்டைத் துவைத்துக் காயவைத்தால் மடிக்க முடியாது, ஒடிக்கத்தான் முடியும். வகுப்பில் எனக்குச் சான்றிதழ் கொடுத்த அன்று, ஆவி வரும் இஸ்திரிப் பெட்டி என் கறுப்புச் சட்டை மேல் வெள்ளை வெள்ளையாகத் துப்பிவிட்டது. மேடையில் டீச்சர் காதோரமாக, “வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு நேரா வந்துட்டீங்களாய்யா?” என்று கேட்டார். போட்டோவிலும் அப்படித்தான் விழுந்திருக்கிறேன்.

அப்புறம் வாஷிங் மெஷின் பாதித் துவையலில் நின்றது. மெக்கானிக் வந்து தண்ணீரைச் சூடாக்கும் காயிலைக் கழற்றி, சிறுநீரகக் கல்லை எடுத்த டாக்டர் மாதிரி ஒரு துணியில் வைத்துக் காட்டினார்.

“பாத்தீங்களாம்மா, எவ்ளோ உப்பு!”

“நாங்க என்ன தம்பி பண்ணோம்?”

“நீங்க ஒண்ணும் பண்ணல. எல்லாம் தண்ணி பண்ற வேல.”

“அப்போ தண்ணிய ரிப்பேர் பண்ணுங்க,” என்றாள் உன் அண்ணி. “மெஷின எதுக்குக் கழட்டுறீங்க?”

புதுக் காயில் போட்டுவிட்டுப் போனார். இனி நானே கவனித்துக்கொள்வது என்று, மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். தங்கச்சி, நான் முதன்முதலாக முழுசாகப் படித்து முடித்த புத்தகம் அதுதான். கதை கொஞ்சம் குறைவு, ஆனால் எச்சரிக்கைகள் எல்லாம் விறுவிறுப்பு. மாதம் ஒருமுறை, துணி போடாமல், உப்பு கரைக்கிற மருந்தை ஊற்றி ஓடவிட வேண்டுமாம். வீட்டில் வினிகர் இருந்தது. மெஷின் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஊற்றவில்லையே, விட்டுப்போன மாதங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாக ஊற்றிவிடலாம் என்று கடைக்குப் போய் மேற்கொண்டு பாட்டில்கள் வாங்கிவந்து ஊற்றினேன். நன்றாகவே வேலை செய்தது. இத்தனை வருஷத்து உப்பும் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்து வெளிக்குழாயை அடைத்தது, குழாய் பிய்த்துக்கொண்டது, தண்ணீர் கூடத்துக்கு வந்து அங்கிருந்து கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கார்டு ஈரத் தலையோடு வாசலில் நின்றார்.

“யோவ், என் தலைல தண்ணி கொட்டுதுய்யா. அதுவும் புளிச்ச நாத்தம்!”

“மன்னிச்சுக்குங்க சார். புத்தகத்துல போட்டிருந்தத வெச்சுதான் செஞ்சேன்.”

“உனக்குப் படிக்கத் தெரியாத வரைக்கும் நான் நனையாம இருந்தேன்யா!”

நியாயமான பேச்சு. துண்டு கொடுத்தேன். எங்கள் துண்டு என்பதால் தலை துவட்டும்போது “ஆ” என்றார்.

ஆகவே முடிவு: நாங்கள் வருகிறோம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. உன் அண்ணிக்கும் சம்மதம். “போயிடலாங்க. உங்க தங்கச்சி சண்ட போட்டாலும் அங்க சோப்பாவது நுரைக்கும்” என்றாள். பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் போடத் தொடங்கிவிட்டாள். அவளுடைய கெட்டில் ஒன்றைத்தான் இதுவரை யாரும் தொட்டதில்லை. உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளை படிந்திருக்கும், தேய்க்க விடமாட்டாள். அசிங்கமாக அதை உன் வீட்டுக்கு எடுத்துவரக் கூடாதே என்று, மிச்ச வினிகரில் ஊறப்போட்டுப் பளபளவென்று ஆக்கிவைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. கடிதம் முடிந்ததும் நீ அனுப்பிய தண்ணீரில் முதல் டீ.

நீயும் உன் மகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் வண்டி வழியில் எங்கும் நிற்காமல் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டைவிரலில் மை தடவாமல் கையெழுத்துப் போடும் உன் அண்ணன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய முடிவு இனிச் செல்லாது. டீ போட்டாள். ஒரு வாய் குடித்தாள். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“டீ.”

“அது தெரியுது. டீ எங்க?”

நானும் குடித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நாக்கில் நிற்காமலே ஓடிப்போனது. அப்புறம் அவள் கெட்டிலைத் திறந்தாள். அதற்குப் பிறகு பேசியதை எழுத எனக்கு இன்னும் எழுத்துகள் போதாது. கடைசியில் சொன்னது இது: “குளியல், துவையல் எல்லாம் எப்படியும் ஆயிடும். டீக்கு இந்தத் தண்ணிதான். நான் வரல.” பாத்திரங்கள் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டன. போர்ஷனை வேறு யாருக்காவது விடச் சொல்.

ஆனால் நீ அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. “அப்போ அவளக் கூப்பிடுங்க. பின்ரூம் சும்மாதான கெடக்கு, எனக்கும் சண்டைக்கு ஆள் வேணும்” என்கிறாள் உன் அண்ணி. மாப்பிள்ளை அடுத்த நடை வரும்போது முன் சீட்டில் ஏறிவிடு. துண்டு மட்டும் உன்னுடையதைக் கொண்டுவா.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். இவ்வளவு ‘ழ’ போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அப்படியே அனுப்புகிறேன். கெட்டிலில் பழைய வெள்ளை ஏற வேண்டும் என்று உன் அண்ணி சும்மாவே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். டீ எந்த அளவில் தேறியது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் நீ வந்துவிட்டாலும் எழுதுவேன், பின்ரூமுக்கு வந்து கையில் கொடுக்கிறேன்.