பூசை அறையில் ஒரு போட்டி

தமிழைத் துல்லியமாகப் பேசினால் உலகம் வழிவிடும் என்று பத்தொன்பது வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை கள்ளக்குறிச்சியில், ஒரு கறிக்கடை வாசலில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முன்னிலையில் முடிவுக்கு வந்தது.

நான் அப்போது இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்பதற்கு மேல் பேசாதவள். (அந்த இரண்டு சொற்களைப் பிழையின்றிச் சொல்வதில் எனக்குக் கர்வம் வேறு.) எங்கள் வீடு தியாகதுருகத்தில். முட்டை ஓடுகூடப் படி தாண்டாத சைவ வீடு. அங்கே வளர்ந்ததால் எங்கள் வெள்ளை நாட்டு நாய் தும்பையும் சைவமாகவே வாழ்ந்தது. தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டு அது என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு கேள்வி இருக்கும். நான் அதை நன்றி என்று எடுத்துக்கொள்வேன்.

அந்தத் தும்பைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஊசியில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் நான்கு நாட்களாக எதையும் தின்னவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. கால்நடை மருத்துவர் அதன் ஈறுகளைப் பார்த்துவிட்டு, "வாசனை தூக்கலா ஏதாவது குடுத்தாத்தாம்மா வாயத் தொறக்கும். ஆட்டோட வயிறு வாங்கிப் போடுங்க. அன்னிக்கிக் காலைல அறுத்ததா இருக்கணும். சுண்ணாம்பு போட்டுக் கழுவினது வேணாம். நாளைக்குள்ள சாப்பிடலன்னா ரொம்ப கஷ்டம்" என்றார்.

அம்மாவிடம் சொல்லும் துணிவு எனக்கில்லை. தியாகதுருகத்துக் கடையில் நின்றால், நான் வீடு திரும்புமுன் செய்தி திரும்பிவிடும். ஆகவே மறுநாள் காலை கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினேன். கல்லூரிக்குக் கொண்டுபோகும் துணிப்பை தோளில். கேட்கவேண்டிய வாக்கியம் மனத்தில். "குடல்" என்று கேட்டிருந்தால் எவருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் மருத்துவர் சொன்னது வயிறு. குடல் வேறு, இரைப்பை வேறு; வயிறு இரண்டையும் குறிக்கும். பொருள் மயங்கக் கூடாதல்லவா?

என் முறை வந்தது.

"ஐயா, ஆட்டின் இரைப்பை கிடைக்குமா?"

கடைக்கார பாய் காதைச் சாய்த்தார். "இன்னாம்மா? ரெப்பையா?" கண்ணைத் தொட்டுக் காட்டினார். "ரெப்பையெல்லாம் தனியா விக்கறதில்லம்மா. தலையோட வாங்கிக்கினாத்தான் வரும்."

"மை தீட்டறதுக்கா இருக்கும் பாய்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வரிசை முழுவதும் சிரித்தது.

"ரெப்பை அல்ல ஐயா, இரைப்பை. உணவு செரிக்கும் இடம்." தேவையே இல்லாமல் என் வயிற்றில் கை வைத்துக் காட்டினேன்.

பக்கத்தில் ஒயர்கூடையோடு நின்ற அக்கா என்மேல் இரக்கப்பட்டார். "ஐய, போட்டி கேக்குது பாய் அந்தப் பொண்ணு!"

நான் பதறிப்போனேன். "இல்லையக்கா, நான் யாருடனும் போட்டிக்கு வரவில்லை. வரிசையில்தான் நிற்கிறேன்."

இம்முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆட்டு வயிற்றுக்கும் குடலுக்கும் எங்கள் பக்கத்தில் போட்டி என்று பெயர் என்பதைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த அக்கா விளக்கினார். "பஸ்" என்பதன் முதலெழுத்தைப் போல அதை மென்மையாக ஒலிக்க வேண்டுமாம். இரண்டு ஆண்டுகள் இலக்கணம் படித்தும் இச்சொல் எனக்கு எங்கும் எதிர்ப்படவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "சுத்தம் செய்யாததாக வேண்டும் ஐயா" என்றேன்.

கத்தி நின்றது. "இன்னா சொன்ன? சுண்ணாம்பு போட்டு, வெந்நி ஊத்தி, வெள்ளத் துண்டாட்டம் சொரண்டிக் குடுக்கறேன். இந்த ஊர்ல எவனும் அப்பிடிக் குடுக்கமாட்டான். சுத்தமில்லாதது வேணும்னு கேக்கறியே, யாரு உன்ன அனுப்பனது?"

"அந்தச் சுண்ணாம்புதான் ஐயா கூடாது. நாய்க்கு. நான்கு நாளாக உணவு..." அதற்குமேல் எழுத்துத் தமிழ் என்னைக் கைவிட்டது. "செத்துடும் போல இருக்குதுங்க."

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். சாணத்தைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரில் ஒருமுறை மட்டும் அலசிய இரண்டு வயிறுகளோடு வந்தார். "விடிகாலைல அறுத்தது. தொடைல முனிசிபாலிடி சீல் கீது பாரு." பிறகு அதே ஆடுகளின் ஈரலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். "இதுல தண்ணிக் கொப்புளம் இருந்தா, அந்த ஆட்டுதுல எதையும் நாய்க்குப் போடாத. இது நல்லா கீது. சீக்கிரம் போம்மா."

இரண்டு நெகிழிப்பைகளுக்குள் கட்டி, துணிப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். நாலு நிறுத்தம் போவதற்குள் என் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது. அப்போது அம்மா அழைத்தார்.

"எங்கடி போன சொல்லாம?"

பொய் சொல்லத் தெரியாத எனக்கு, புதிதாகக் கற்ற சொல் அந்த நேரத்தில் தெய்வம் அனுப்பியதாகத் தோன்றியது. உண்மையும் சொன்னதாகும், அம்மாவுக்குப் புரியவும் செய்யாது.

"கள்ளக்குறிச்சிக்கும்மா. போட்டிக்கு வந்தேன்."

(வல்லினத்தை வல்லினமாகவே ஒலிக்கும் என் பழக்கம் அப்போதும் மாறவில்லை.)

"போட்டியா! நீயா! கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா."

"எத்தினி?"

"ரெண்டு."

"ரெண்டாவதா! போதும்டி, என் தங்கம், அதுவே போதும்" என்றார் அம்மா. திருத்துவதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன், அம்மாவின் எண் பிஸியாகவே இருந்தது. ஏன் என்று வீட்டு வாசலில் தெரிந்தது. அடுத்த தெருவிலிருந்து மாமா சால்வையோடு வந்திருந்தார். எதிர்வீட்டார் நின்றிருந்தார்கள்.

"வாய் தொறக்காத பொண்ணு பேசி ஜெயிச்சிக்கினு வந்துருக்குதுபா!" என்று மாமா என்மேல் சால்வையைப் போர்த்தினார். அதில் என் கைகள் சிக்கிக்கொண்ட நேரத்தில் அம்மா பையை வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் மதிப்பெண் பட்டியலானாலும் மின்கட்டண ரசீதானாலும் முதலில் சாமிமுன் வைத்த பிறகுதான் பிரிப்போம்.

"அம்மா, அது வேண்டாம்!"

"இரு, சாமி பாக்கட்டும் மொதல்ல." பை பூசை அறைக்குள், விளக்குக்குப் பக்கத்தில் அமர்ந்தது. "வெயிட்டா இருக்குதே, குத்துவெளக்கா?" என்றபடி அம்மா முடிச்சை அவிழ்த்தார்.

அந்த மணத்தை விவரிக்க என் படிப்பு போதாது. எதிர்வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். மாமா "ஐயோ சாமி!" என்று தூணைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் முகத்தில் இடி இறங்குவதைப் பார்த்தேன்.

அப்போது பின்கட்டில் சங்கிலி ஓசை கேட்டது. கட்டாமல் விட்டிருந்த சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சாய்ந்து, நான்கு நாட்களாக எழாத தும்பை நடந்து வந்தது. எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. பூசை அறைக்குள் போய், தலையைப் பைக்குள் விட்டு, தின்னத் தொடங்கியது.

மாமா அதை விரட்டக் கையை ஓங்கினார்.

"டேய், கைய எட்றா!" என்றார் அம்மா. மாமாவை அவர் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. "சாப்புடுதுடா. பாரேன், சாப்புடுது." விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, தும்பையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அதிகம் தின்றால் ஆகாது என்று நான் பையை எடுக்கப் போனபோது, "இன்னும் ஒரு வாய்டி" என்று என்னிடம் கெஞ்சினார். மூன்று நாள் மஞ்சள்தண்ணீர் தெளித்தும் அந்த அறையில் மணம் போகவில்லை. அம்மா ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்றை அவரே என் கையில் கொடுத்தார்.

தும்பை அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் போய்விட்டது. நான் இப்போது வெளியூரில் ஆய்வு மாணவி. போன மாதம் ஒரு கட்டுரைப் போட்டியில், உண்மையாகவே, பரிசு வாங்கினேன். மாமாவுக்குச் சொன்னேன், "சால்வை எடுத்துனு வரவா, மூக்குக்குத் துணி எடுத்துனு வரவா?" என்றார். பிறகு அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, போட்டில பரிசு கெடச்சுது."

"எந்தப் போட்டிடி?" என்றார் அம்மா.

இருவரும் சிரித்தோம். பிறகு, "தும்பையோட அந்த எவர்சில்வர் டப்பாவ இன்னும் வெச்சிருக்கேன்டி" என்றார் அம்மா.