தலைவர் சாயலில் ஒரு கல்

ஸ்டேஷன் வாசலில் வைத்த சிற்பத்தைப் பார்த்து ஊர் சிரித்தபோது, ஊர்த் தலைவர் ஹிகோசாகாவுக்குக் கோபம் வரவில்லை. மூடியிருந்த துணியை இழுத்துத் திறந்துவைத்ததே அவர்தான். நவீன சிற்பம் என்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று மனதைத் தேற்றிவைத்திருந்தார். "செதுக்கி முடிச்சாச்சா, இல்ல இனிமேதானா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

பிறகுதான் கல்லை நிதானமாகப் பார்த்தார். அகலமான அடிப்பாகம். நடுவில் முன்னே தள்ளிக்கொண்டு ஒரு பெருத்த வளைவு. கழுத்து என்று ஒன்று கிடையாது. உச்சியில் மட்டும் பளபளவென்று மெருகேற்றிய உருண்டை. வெயில் அதில் பட்டுத் தெறித்தது. ஹிகோசாகா தொப்பியைக் கழற்றி வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கூட்டம் மறுபடியும் சிரித்தது.

வீட்டுக்கு வந்தவர் சோற்றுக் கிண்ணத்தைத் தொடவில்லை.

"அந்தக் கல் யாரு மாதிரி இருக்கு?" என்று மனைவியைக் கேட்டார்.

மிசாவோ ஊறுகாய் முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தினாள். "கேக்குறீங்களேன்னு சொல்றேன். வயித்துப் பக்கம் லேசா உங்க ஜாடை இருக்கு."

"தலை?"

"தலையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

அதற்குமேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. சிற்பி குசுமி டோக்கியோக்காரர். போன வருஷம் இந்தக் கவாசே ஊருக்கு வந்து, உஷிமாருவின் லாந்தர் பட்டறையில் உட்கார்ந்து புதுமாதிரிக் காகித விளக்குகள் செய்யச் சொன்னார். அவை வெளிநாடு வரைக்கும் விலைபோயின. அந்த நன்றிக்குத்தான் ஊருக்கு இந்தக் கல் பரிசு. வந்தபோதெல்லாம் ஹிகோசாகா சோயாவை வேகவைத்து மிசோ விழுது செய்து விற்கிற கடை வழியாகத்தானே அந்த ஆள் நடந்துபோனார்? பேசாமல் முறைத்து முறைத்துப் பார்த்துக்கொண்டே போவார். அளவெடுத்திருக்கிறான் பாவி என்று ஹிகோசாகாவுக்கு இப்போது புரிந்தது.

வசந்தத்தில் தேர்தல். ஊர் வாசலில், ரயிலில் வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி, தன் தொந்தியைக் கல்லில் அடித்து நட்டுவைத்திருக்கிறார்கள். எடுக்கச் சொன்னால் குசுமி கோபித்துக்கொண்டு விளக்கு வேலையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார். அதை நம்பிப் பட்டறையில் பாதி ஊர் பிழைக்கிறது.

ஆகவே கல்லைத் திருப்பிவைக்க உத்தரவிட்டார். வெயில் படுகிறது என்று காரணம் சொன்னார். கல்லுக்கு வெயில் பட்டால் என்ன என்று உஷிமாரு கேட்டதற்கு, சீக்கிரம் திருப்புங்கள் என்று ஆட்களை விரட்டினார்.

திருப்பியதும் நிலைமை மோசமானது. முன்பக்கமாவது கல் நிற்பதுபோல் இருந்தது. பின்பக்கம் பார்த்தால், பொதுக் குளியலறைத் தொட்டியில் இடுப்பளவு வெந்நீரில் உட்கார்ந்திருக்கும் ஆள். முதுகில் ஒரு மடிப்புகூட இருந்தது. ஹிகோசாகா அன்றிலிருந்து ஊர்க் குளியலறைக்குப் போவதை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் போய்க் குளித்துவிட்டு வந்தார். தலைவர் ஏன் அக்கரைக்குப் போகிறார் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவாயிற்று. மிசாவோ மூன்று நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

இதற்கிடையில் கல்லைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெண்கள் ஊறுகாய்ப் பீப்பாய் மூடியை அழுத்த வைக்கிற பாரக்கல் என்றார்கள். சர்க்கஸில் குளிக்க அடம்பிடிக்கும் கரடி என்றார் ஒரு ரயில்வே ஊழியர். நகோயாவிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் மட்டும் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்து, இதில் நம் காலத்தின் அசதி தெரிகிறது என்றார். பக்கத்தில் நின்ற ஹிகோசாகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய அசதி? காலை ஐந்து மணிக்கு எழுந்து சோயா வேகவைக்கிற மனுஷனைப் பார்த்து அசதி என்று சொல்ல இவர் யார்?

கடைசியில் குசுமியையே வரவழைத்தார். வந்த சிற்பி ஒல்லியாக, தூக்கக் கலக்கத்தோடு இருப்பவர்போல் இருந்தார். கல்லை ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஹிகோசாகா சுற்றி வளைத்துச் சொன்னார். யாரோ ஒரு ஆள் என்று நினைக்கிறார்களாம்.

"நான் ஆளைச் செதுக்குறதில்லை. கல்லு என்ன சொல்லுதோ அதைச் செய்யறேன்" என்றார் குசுமி.

"கல்லு என் பேரைச் சொல்லுச்சாக்கும்" என்று ஹிகோசாகா வாய்க்குள் முனகிக்கொண்டார்.

குசுமி, பகல் வெளிச்சம்தான் கோளாறு, சுற்றிலும் காகித விளக்குகளை மாட்டினால் கல் மென்மையாகிவிடும் என்று ஒரு வழி சொன்னார். உஷிமாருவின் பட்டறையிலிருந்து விளக்குகள் வந்தன. ஊரில் அதற்கு வேறு ஒரு கலகம். கவாசே லாந்தர் என்றால் புல்லும் பூவும் வரைந்து, வடிவம் முட்டைபோல் ஒழுங்காக இருக்கவேண்டும். இவற்றில் கோடுகூடக் கிடையாது. ஒன்று நசுங்கிய பூசணி, ஒன்று கோணல் மூட்டை. உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் மின்சார பல்பு. புருவம் இல்லாத கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது என்று வயதானவர்கள் காறித் துப்பாத குறை.

பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றினார்கள். கல் மென்மையாகத்தான் ஆனது. ஆனால் அதன் நிழல் ஸ்டேஷன் சுவரில் கூரைவரைக்கும் எழுந்து நின்றது. பெரிய உருண்டைத் தலை, அதைவிடப் பெரிய வயிறு. காற்றில் விளக்கு ஆடியபோது நிழல் ஊரைப் பார்த்துக் குனிந்து குனிந்து கும்பிட்டது. தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்பதுபோலவே.

கூட்டம் கைதட்டியது. ஹிகோசாகாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. படிமேல் ஏறினார்.

"உங்க குசுகுசுப் பேச்செல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? இருபது வருஷமா இந்த ஊருக்கு உழைக்கிறேன். நல்லாக் கேட்டுக்குங்க, அது நான் இல்ல."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு கல்லைப் பார்த்தார்கள். பிறகு அவரை.

"அட, ஆமா" என்றார் உஷிமாரு மெல்ல. "இதுவரைக்கும் எனக்குத் தோணவே இல்லையே."

மறுநாள் காலையில் கல்லுக்கு 'தலைவர் ஐயா' என்று பெயர் வந்துவிட்டது. சந்திக்கிறவர்கள் தலைவர் ஐயா பக்கத்தில் நில்லு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டார்கள். குளிர் ஏறியதும் யாரோ அதன் உச்சியில் பழைய தொப்பி ஒன்றை வைத்தார்கள். மீன் விற்கிற ஓதாக்கி, வழியோரப் புத்தருக்குக் கட்டுவதுபோல ஒரு சிவப்புத் துணியைக் கழுத்து இல்லாத இடத்தில் கட்டிவிட்டு, ஒரு சோற்றுருண்டையும் வைத்துக் கும்பிட்டுப் போனாள். நிஜத் தலைவர் எதிரில் வந்தால் ஜனங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார்கள். அந்த வணக்கத்தில் பாதி கல்லுக்கு என்று அவருக்குத் தோன்றியது.

தேர்தலாவது ஒன்றாவது என்று முடிவு செய்து, கல்லை எடுத்துக்கொண்டு போகும்படி குசுமிக்கு ஆள் அனுப்பினார். விளக்கு வேலையும் போய்விடும் என்று உஷிமாரு வாசலில் வந்து மன்றாடினார். ஹிகோசாகா கதவைச் சாத்திக்கொண்டார். ஆச்சரியமாக, குசுமி கோபப்படவே இல்லை. விளக்குகள் அங்கேயே நடக்கட்டும், கல்லுக்கு மட்டும் லாரி அனுப்புகிறேன் என்று பதில் வந்தது.

லாரி வந்த அன்று ஊரே ஸ்டேஷன் வாசலில் கூடிவிட்டது. சிரித்தவர்களெல்லாம் இப்போது ஹிகோசாகாவை முறைத்தார்கள். அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாரே, உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினார் என்று ஓதாக்கி நேருக்கு நேர் கேட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று ஹிகோசாகாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

லாரி டிரைவர் வயிற்றைச் சுற்றிக் கயிறு போட்டு இழுத்தான். கல் கிறீச்சென்றது. ஹிகோசாகாவின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"கொஞ்சம் பதமா, தம்பி. அவ்வளவு இறுக்க வேணாம்."

"கவலைப்படாதீங்க தலைவரே, இதை ஏத்தி இறக்கி எனக்குப் பழக்கம். ரெண்டு மூணு வருஷம் முன்னாடி மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்லேர்ந்து திருப்பி எடுத்துட்டு வந்ததும் நான்தான்."

ஹிகோசாகா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே போனார். "அங்க ஏன் வேணாம்னாங்க?"

"அந்த ஊர்த் தலைவரும் இது தன்னைக் கிண்டல் பண்ணிச் செஞ்சதுன்னு ஒரே ரகளை. எடுத்தே ஆகணும்னு நின்னாரு."

அப்படியென்றால் குசுமி தன்னை அளவெடுக்கவில்லை. யாரோ வேறு ஒரு பாவப்பட்ட மனுஷனைப் பார்த்துத்தான் செதுக்கியிருக்கிறார். பல நாளுக்குப் பிறகு ஹிகோசாகாவுக்கு மூச்சு நிம்மதியாக வந்தது. முகம் தெரியாத அந்தத் தலைவர்மேல் ஒரு சகோதர பாசமே பொங்கியது.

"அவரும் பாவம், என்னை மாதிரிதானா? குட்டையா, தொந்தியும் வழுக்கையுமா?"

டிரைவர் முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டுத் திரும்பினான்.

"அட நீங்க வேற. அவரு மூங்கில் கழி மாதிரி நெட்டையா இருப்பாருங்க, தலை கொள்ளாத முடி."