அடுத்த திங்கள்

மின்சாதனக் கடையில் விலைச்சீட்டு ஒட்டுவது அவர் வேலை. திங்கட்கிழமைதோறும் பழைய சீட்டின் மேல் புதுச் சீட்டு. பதினாறு வருஷத்தில் ஏறின விலையை ஒட்டிய ஞாபகமே இல்லை, எல்லாம் இறங்குமுகம்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் எதையாவது வாங்குவாரா? கேட்டால், அடுத்த திங்கள் இன்னும் இறங்கும் என்பார். தெருவில் அவருக்கு 'அடுத்த திங்கள்' என்றே பேர்.

மனைவி கேட்டது ஒரே ஒரு போன், முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி. கடல் தாண்டிப் போன மகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. பேத்தியைப் பார்க்க மனைவி எதிர்வீட்டுத் தையல்காரர் போனுக்குத்தான் ஓடுவாள். கூப்பிட்டால் இவர் வரமாட்டார். அடுத்தவன் போனில் போய்ப் பார்க்க எனக்கென்ன மானம் இல்லையா என்பார்.

இதற்குள் ஊரே இணையத்தில் சாமான் வாங்க ஆரம்பித்துவிட்டது. முதலாளி அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார். ஒரு நாள் ஒரு கேள்வி வந்தது: 'விலை இறங்கட்டும் என்று என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாகச் சொல்கிறார். காத்திருக்கலாமா?'

முதலாளி முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இவருக்கு வேகம் வந்துவிட்டது. 'அம்மா, அந்த மாதிரி ஆட்கள் ஆயுசுக்கும் வாங்க மாட்டார்கள். அவரை நம்பாதீர்கள். இன்றைக்கே வாங்குங்கள்' என்று தட்டிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி ஒரு பெட்டியை நீட்டி, நேற்றுக் கேள்வி கேட்ட அம்மா வாங்கிவிட்டார், உங்கள் தெருதான், போகிற வழியில் கொடுத்துவிடுங்கள் என்றார். விலாசம் தையல்காரர் வீடு. அடப்பாவி, அந்தக் கஞ்சன் இவன்தானா! பெண்டாட்டியை இப்படியா ஏங்கவிடுவது என்று நாலு வார்த்தை கேட்டுவிடும் முடிவோடு போய்க் கதவைத் தட்டினார்.

திறந்தது அவர் மனைவி.

"கேள்வி கேட்டது நீயா?"

"ஆமா. பதில் சொல்றது நீங்கன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். வீட்டுல கேட்டா உண்மை வரமாட்டேங்குதே."

"காசு?"

"நான் சேர்த்து வெச்ச சிறுவாடு. இன்னிக்கே வாங்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவருக்குக் காது சுட்டது. தலை நிமிரவில்லை. தையல்காரர் பெட்டியைப் பிரித்து, எல்லாம் சரிசெய்து, இவர் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். திரை நிறையப் பேத்தி. கன்னத்தில் குழி, அவர் அம்மாவுக்கு இருந்த அதே குழி. இதையா இத்தனை நாள் தள்ளிப்போட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"செல்லம், யாரு பாரு" என்று குனிந்தார்.

குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதது.

பதறிப்போன தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு, இவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அழுகை சட்டென்று நின்றது. குழந்தை இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தது.

"தாத்தா."