காத்தண்ணன் மேடையேறினார்

பயப்படுவதில் எங்கள் காத்தண்ணனை மிஞ்சத் திருப்பூரிலேயே ஆள் கிடையாது. நாய்க்கும் பாம்புக்கும் நாமெல்லாம்தான் பயப்படுகிறோம், அதில் என்ன பெருமை? அவர் பயந்தது பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு. யாராவது நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டால் அவர் முகம் வெளுத்துவிடும். அவற்றில் மனிதர்கள் உட்காரப் போகிறார்கள், உட்கார்ந்து தன்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால்கூடப் பின்வாசல் வழியாகத்தான் பந்திக்குப் போவார்.

நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியின் ஆபீசில் வேலை பார்த்தேன். அவர் அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஆறடி உயரம், அடர்ந்த மீசை. நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பார். மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு புல்லாங்குழல் வாசிப்பார். கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மெல்லுவதையே மறந்துவிடுவார்கள். ஆனால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், குழல் சட்டைக்குள் போய்விடும்.

"தண்ணி வருதான்னு பாக்க வந்தனுங்க" என்பார். பின்னால் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.

அவர் மனைவி சரசக்காவுக்கு அங்கேயே செக்கிங்கில் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, நூல் பிசிறு என்று எதையும் விடமாட்டார். தன் வீட்டுக்காரரிடம் மட்டும் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. "ஆயுத பூசைக்கு எங்கூட்டுக்காரரு வாசிப்பாரு பாருங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். சேதி முதலாளி வரைக்கும் போய், மேடையே போட்டுவிட்டார்கள்.

பூசையன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. அண்ணனுக்கு வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. மைக் முன்னால் போய் நின்று குழலை உதட்டில் வைத்தார். 'புஸ்' என்று காற்று வந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும் காற்று. பயத்தில் வாய் வறண்டு, உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. சவுண்டு செட்காரர் தன் வயரில்தான் கோளாறு என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டிவைக்க, அந்தக் காற்று தெருமுனை வரைக்கும் கேட்டது.

"டயரு பஞ்சருங்களா?" என்றார் தையல் செக்சன் மணி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார். நிற்காமல் கேட்டைத் தாண்டி நடந்துபோனார். அன்றிலிருந்துதான் அவர் காத்தண்ணன்.

பெயரை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் சரசக்கா மறுநாளிலிருந்து செக்கிங் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. துணி மூட்டைகளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தார். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, இந்தப் பயத்த எப்படியாச்சும் தொலைக்கோணுங்க. எனக்காக இல்லீங்க."

அதற்குப் பிறகு யார் எந்த வைத்தியம் சொன்னாலும் செய்தார். வாழைப்பழம் தின்றால் நடுக்கம் நிற்கும் என்றார்கள். ஒரு சீப்பைத் தின்றுவிட்டு அடுத்த நாள் லீவு போட்டார். எதிரில் இருப்பவர்களைப் பொம்மைகளாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் நினைப்பதோடு நிறுத்தவில்லை, சாம்பிள் ரூமில் துணி மாட்டும் பொம்மைகளையே வரிசையாக நிறுத்தி வாசித்தார்.

"பாட்டு வந்துச்சுங்களாண்ணா?"

"பிரமாதமா வந்துச்சுங்க தம்பி. அதுகளுக்குத் தலை கெடையாதுங்களே."

கடைசியில் அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். நாலு பேர் பார்ப்பது பழகிவிட்டால் பயம் போய்விடும் என்பது அவர் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட ரோஸ் நிற டீசர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சில் இறக்கை முளைத்த குதிரை, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த ஜாலர். அந்த மீசையோடும் அந்தக் குதிரையோடும் குன்னத்தூர் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். நான் நாலு சீட் தள்ளி, அவரைத் தெரியாதவன்போல் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருப்பூரில் எந்த டீசர்ட்டைத்தான் யார் பார்க்கிறார்கள்? கண்டக்டர் மட்டும், "குதிரை, கொஞ்சம் உள்ள போங்க" என்றார்.

குன்னத்தூரில் இறங்கி டீ குடிக்கும்போது அண்ணனின் முகம் வாடியிருந்தது.

"ஒருத்தருமே பாக்கலீங்க தம்பி."

"நல்லதுதானுங்களேண்ணா."

டீயைக் குடித்து முடித்துக் கிளாஸை வைத்தார். பிறகு, "இத்தன நாளு நாந்தான் என்னையவே பாத்துட்டு இருந்திருக்கறனுங்க" என்றார்.

திங்கட்கிழமை என்னை மாடிக்குக் கூப்பிட்டார். "அக்கட்டால திரும்பி நில்லுங்க தம்பி." நான் சுவரைப் பார்த்து நின்றேன், அவர் வாசித்தார். சில நாள் கழித்து, இந்தப் பக்கம் திரும்ப எனக்கு அனுமதி கிடைத்தது. பிறகு பீகாரிலிருந்து வந்த ராஜு ரொட்டியோடு வந்து உட்கார ஆரம்பித்தான். பிறகு செக்கிங் பெண்கள் இரண்டிரண்டு பேராகப் படியேறினார்கள். சில நாள் பாட்டு வந்தது, சில நாள் காற்றுதான் வந்தது. ஆனால் காற்று வந்த நாட்களிலும் அவர் குழலை ஒளிக்கவில்லை. அது வருகிறவரைக்கும் நின்றார்.

அடுத்த ஆயுத பூசைக்குத் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தார். ஆனாலும் அன்றைக்கு முகம் வெளுத்துத்தான் இருந்தது. சரசக்கா கடைசி வரிசையில், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு இப்பவும் பயமாத்தானுங்க இருக்குது. மொதல்ல கொஞ்சம் காத்துத்தான் வரும். அப்பறம் பாட்டு வருமுங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க."

கூட்டம் சிரித்தது. இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார். சொன்னபடியே காற்று வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஊதினார். மறுபடியும் காற்று. அப்போது தையல் மணியின் குரல் கேட்டது.

"மெதுவா ஊதுங்கண்ணா. நாங்க எங்க போகப் போறமுங்க."

மூன்றாம் முறை ஒரு சுரம் வந்தது. மெலிந்த, நடுங்குகிற சுரம். நடுக்கத்தை அவர் மறைக்கவில்லை, அதையும் கூட்டிக்கொண்டே அடுத்த சுரத்துக்குப் போனார். அதற்கப்புறம் பொரிப் பொட்டலம் சரசரக்கிற சத்தம்கூட இல்லை. பாட்டு முடிவதற்குள் சரசக்கா ஒவ்வொரு வரிசையாக நகர்ந்து, முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் மத்தியானம் செக்கிங் பெண்களுக்கு நடுவில் அவர் குரல்தான் எல்லோரையும் விட உரக்கக் கேட்டது.

இப்போது அண்ணன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கோயில் விசேஷங்களில் வாசிக்கிறார். பயமெல்லாம் போய்விட்டதா என்று போனில் கேட்டேன்.

"அது எங்கீங்க போகுது? அது பாட்டுக்கு அது வரும், நான் பாட்டுக்கு நான் வாசிப்பனுங்க."

எந்தக் கோயிலில் வாசிக்கிறார் என்று தெரிந்தால் பஸ் ஏறிப் போய்விடுகிறேன். கூட்டத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். அவர் குழலை உதட்டில் வைக்கிற அந்த நொடியில், இன்றைக்கும் எனக்குத்தான் தொண்டை வறண்டுபோகிறது.