வால்வு ஆம்ப்ளிஃபயரும் அப்பாவின் பிரிவுபசார விழாவும்

என் மவுத் ஆர்கன் வாசிப்பைக் கேட்டு இதுவரை ஒரே ஒருவர்தான் அழுதிருக்கிறார். என் அம்மா. அதற்கும் இசை காரணமில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. சாயங்காலமானால் அறையில் மவுத் ஆர்கன். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் ஒரு சின்னப் பெட்டியில் மைக்கைச் செருகி, அதை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு வாசிப்பார்கள். சத்தம் உறுமும். அந்தப் பெட்டிக்குள் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள். என் வாசிப்பில் இருக்கும் ஒரே குறை அந்தப் பெட்டி இல்லாததுதான் என்று முடிவு செய்தேன். (தாளமும் சுருதியும்கூட இல்லை. அது பிறகுதான் தெரிந்தது.)

குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டபோது அப்படி ஒன்றை வாங்கினேன். பிஸ்கட் டின் அளவு. கூடவே ஓர் இரும்பு மைக். ஊதினால் சிறுத்தைக்குச் சளி பிடித்தது போல் ஒரு சத்தம் வந்தது. மயங்கிவிட்டேன்.

அப்பா கிளென்மார்கன் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். அந்த மாதம் ரிட்டயர்மென்ட். பிரிவுபசார விழாவில் நான் வாசிக்கப் போவதாக நானே அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.) பெட்டியைப் புரட்டிப் பார்த்த அப்பா முகம் சுளித்தார்.

“ஏண்டா கண்ணு, இதுக்கு எர்த்தே இல்லியே. பாடியில கரன்ட் ஏறுனா ஆளையே தூக்கிப் போட்ரும். ஒயரை மாத்தி மூணு பின்னு போட்டுத் தாரேன், குடு.”

“வேண்டாங்கப்பா. பழைய பொருள்ல எதையும் மாத்தக் கூடாதுங்க. மதிப்புப் போயிரும்.”

முப்பத்தொரு வருடம் கரன்டோடு குடித்தனம் நடத்தியவருக்கு நான் பாடம் எடுத்தேன். அவர் பெட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“செருப்பையாச்சும் கழட்டாம வாசி.”

அப்பா அதிகம் பேசாதவர். எஸ்டேட் விழாக்கள் எல்லாவற்றுக்கும் மைக் கட்டியவர் அவர்தான். அதில் அவர் பேசியதெல்லாம் ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ மட்டும். பிரிவுபசார விழா அன்று ஒரு நாள்தான் அவர் பேசுவதாக இருந்தது. நாலு நாள் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, இரண்டு பக்கத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். எங்களுக்குக் காட்டவில்லை.

விழா அன்று சாயங்காலம் நாலரை மணி. வெளியே மழை, எஸ்டேட் ஹாலுக்குள்ளேயே பனிமூட்டம், மேடையில் சிமெண்டுத் தரை நசநசவென்று ஈரம். குத்துவிளக்கு எரிந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். (பக்தியெல்லாம் இல்லை. வீடியோவில் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.)

மைக்கைப் பொத்தி உதட்டருகே கொண்டுபோனேன். உதட்டில் யாரோ செங்கல்லால் அறைந்தார்கள். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. வால்வு அதை அருமையான உறுமலோடு ஹாலின் கடைசி வரிசை வரை கொண்டு சேர்த்தது. அந்த வார்த்தையில் அம்மா வருவார். அம்மா முதல் வரிசையில், மேனேஜர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கையை உதறினேன். வயர் இழுத்து, பெட்டி மேஜையிலிருந்து ஈரத்தில் விழுந்தது. ஒரு வெடிச்சத்தம், நீலமாக ஒரு பொறி. ஹால் முழுக்க இருட்டு.

“எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க!” மேனேஜர் கத்தினார்.

“அவருக்குத்தானுங்க சார் மாலை போட்டிருக்குது” என்றது ஒரு குரல்.

அப்பா மாலையோடு மேஜை மேல் ஏறி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். நான் செல்போன் வெளிச்சம் காட்டினேன்.

“கை நடுங்காமப் புடி.”

அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். விளக்கு வந்தது. ஹால் மைக்கை எடுத்து, பழக்கதோஷத்தில் ‘ஹலோ, ஹலோ’ என்றார். பிறகு அதை மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பனியில் ரோடு தெரியாது, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று சொல்லி, அவசரமாகச் சால்வை போர்த்திவிட்டுப் போனார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்பா சட்டைப்பை வரை கொண்டுபோன கையைக் கீழே இறக்கியதை நான் பார்த்தேன்.

அந்தத் தாள் மறுநாள் காலை வெந்நீர் அடுப்புக்குப் போனது.

“அதுல என்னங்கப்பா எழுதியிருந்தீங்க?”

“எல்லாருக்கும் நன்றி சொல்லியிருந்தேன். வேறென்ன?”

இரண்டு பக்கம் முழுக்க நன்றியாம்.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கே கரன்ட் போனாலும் அக்கா போன் செய்து, “தம்பி அங்கியா இருக்கறான்?” என்பாள். இது போதாதென்று, இருட்டில் ஃபிளாஷ் போட்டு ஃபோட்டோகிராஃபர் எடுத்த படம் ஒன்று, ரிட்டயரான பிறகு அப்பா குடிபோன கோத்தகிரி வீட்டு ஹாலில் தொங்குகிறது. மேஜை மேல், மாலையோடு, ஃபியூஸ் கட்டையைப் பிடித்தபடி அப்பா. வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்பார்கள்.

“நான் கடைசியாப் பாத்த வேலைங்க” என்பார் அப்பா. “பையன் வாங்கிக் குடுத்தது.”

எல்லோரும் சிரிப்பார்கள். நான் காபி கொண்டுவர உள்ளே போய்விடுவேன்.