பின்னால் ஓடுகிறவனுக்குக் கோப்பை உண்டா?

இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இந்த உலகத்தில் ஓர் ஆபத்தும் இல்லை. நன்றாகத் தெரிந்தவனுக்கும் இல்லை. கொஞ்சம் தெரிந்துகொண்டு அதை வைத்து ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்லக் கிளம்புகிறானே, அவனுக்குத்தான் எல்லா ஆபத்தும். இருபத்தாறு வயதில் நான் அந்த ரகம். (இப்போதும் அதே ரகம்தான். அர்த்தம் கேட்கத்தான் ஆள் வருவதில்லை.)

அப்போது யாங்கோனில் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் மாலை நேரத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் வைத்த பெயர் சுந்தரம், பள்ளிக்கூடப் பெயர் ஸோ மின். பேட்டைக்கு இரண்டும் தேவைப்படவில்லை. பர்மியில் வாத்தியாருக்கு 'ஸயா' என்று பெயர். நான் எல்லோருக்கும் ஸயா. பாடப்புத்தகத்தில் பதினோராம் பாடத்துக்கு மேல் எனக்கே புரியாது என்பதால், என் வகுப்புகள் எல்லாம் பதினோராம் பாடத்தோடு பாராட்டு விழா நடத்தி முடிக்கப்படும். என் சிநேகிதன் பாபு, டாக்சி ஓட்டுகிறவன், மூன்று தடவை பட்டம் வாங்கியிருந்தான்.

பஜாருக்கு எதிரே ஊ பழனியின் பருப்புக் கடை. (பர்மியில் 'ஊ' பெரியவர்களுக்கான மரியாதை, பெண்களானால் 'டோ'.) அவர் மகள் வள்ளிக்கும் (வெளியே பர்மியப் பெயர் மா தீடா, மருந்துக் கடையில் வேலை) எனக்கும் இருந்த விஷயம் பேட்டைக்கே தெரியும். ஊ பழனிக்கும் தெரியும். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"மூர்த்தி வரட்டும் ஸயா. அவன் பாத்து சரின்னா சரி" என்பார்.

மூர்த்தி அவருடைய மூத்த மகன். இண்டியானாவில் ஒரு பெரிய கிடங்கில் வேலை. போய்ப் பல வருஷங்களாகி, முதன்முறையாக ஊருக்கு வரப்போகிறான். ஆக, என் கல்யாணம் விமானம் ஏறி வந்துகொண்டிருந்தது.

சிம் கார்டு விலை குறைந்து எல்லார் கையிலும் திடீரென்று போன் முளைத்த காலம் அது. ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் ஊ பழனி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மூர்த்தி அனுப்பிய குரல் செய்தியைப் போட்டார். டீக்கடை முழுக்கக் கேட்டது.

"அப்பா, இங்க கூட வேலை செய்றவனுங்களோட ஒரே சண்டை. நம்ம ஃபுட்பால் இல்ல, அமெரிக்கா ஃபுட்பால். ரன்னிங் பேக்குக்கு எம்விபி பரிசு கெடைக்காதாம். இப்பல்லாம் குவார்ட்டர்பேக்குக்குத்தான் குடுக்கறானுங்க. நான் கெடைக்கும்னு சொல்றேன். வர்றப்ப பந்து கொண்டாறேன், நம்ம மைதானத்துல ஒரு மேட்ச் ஆடுவோம். நல்லா ஆடறவனுக்குக் கோப்பை என் செலவு. ஸயாகிட்ட சொல்லி நம்மாளுங்களுக்குச் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க."

ஊ பழனி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். டீக்கடையும் பார்த்தது.

"எம்விபின்னா என்ன ஸயா?"

"ரொம்ப மதிப்புள்ள ஆட்டக்காரர், ஊலே." (ஊலே என்றால் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், வருங்கால மாமனார் எல்லாம்தான்.)

அதைச் சரியாகச் சொன்னேன். அந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும்.

"அப்ப ரன்னிங் பேக்?"

எனக்குத் தெரியாது. ஆனால் நாலு மேசை ஆட்கள் டீயை ஆற விட்டுக் காத்திருக்கும்போது ஒரு ஸயா எப்படித் தெரியாது என்பான்?

"ரன்னிங்னா ஓடறது. பேக்னா பின்னால. பின்னாலயே ஓடறவன், ஊலே."

"பின்னாலயேன்னா? நண்டு மாதிரியா?"

"நண்டு பக்கவாட்டுல போகும். இவன் முதுகு போற பக்கம் போவான்."

"அப்ப குவார்ட்டர்பேக்?"

பொய்க்கு ஒரு குணம் உண்டு. முதல் படியில் கால் வைத்துவிட்டால் மீதிப் படிகளை அதுவே கட்டிக் கொடுக்கும். "குவார்ட்டர்னா கால். கால்வாசி தூரம் மட்டும் பின்னால ஓடுவான். ஹாஃப்பேக் பாதி தூரம். ஃபுல்பேக் பூராவும்."

இத்தனை ஒழுங்காக வந்து பொருந்தியதில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஊ பழனி ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு மேசையைத் தட்டினார். "கால்வாசி பின்னால ஓடறவனுக்குக் கோப்பை, பூராவும் பின்னால ஓடறவனுக்கு இல்லையா? என்னய்யா அநியாயம் இது!"

அன்றிலிருந்து அந்த வழக்கை அவர் எடுத்துக்கொண்டார். கடைக்குப் பருப்பு வாங்க வந்தவர்களிடம் வாதாடினார். டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்தது. எதிர்க்கட்சி, கண்ணுக்குத் தெரிகிற வேலை செய்பவனுக்குத்தான் பரிசு என்றது. ஊ பழனியின் கட்சி, "தொரத்தறவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஓடறவன் வீரனா, முதுகக் காட்டி ஓடறவன் வீரனா?" என்று கேட்டது.

நான் சரிபார்க்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். அன்று இரவே போனில் அந்த விளையாட்டின் படத்தைத் தேடினேன். அந்தக் காலத்து இணையத்தில் ஒரு படம் ஓட ஆரம்பிப்பதற்குள் சோறு வெந்துவிடும். கடைசியில் ஓடியது. தலைக்கவசம் போட்ட ஒருவன் பந்தை வாங்கினான். வாங்கியவன் விறுவிறுவென்று பின்னால் நாலு எட்டு வைத்தான். அத்தோடு படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"கால்வாசி!" என்று கத்தினேன். அவன் குவார்ட்டர்பேக்கேதான். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுநாள் விடியற்காலையிலிருந்து கோயிலை ஒட்டிய மைதானத்தில் பயிற்சி. என்னோடு பாபுவும் என் மாணவர்கள் நாலு பேரும். பின்னால் ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை ஓடிப் பார்த்தவர்களே அறிவார்கள். முதல் நாள் ஆறு பேரும் ஆறு திசையில் விழுந்தோம். பாபுதான் வழி கண்டுபிடித்தான்.

"ரிவர்ஸ் எடுக்கறது என் தொழில் ஸயா. வண்டிக்குப் பின்னால ஒருத்தன் நின்னு சொன்னா போதும்."

யாங்கோனில் வண்டி பின்னால் எடுக்கும்போது ஓர் ஆள் நின்று "லா... லா... லா..." என்று கையை ஆட்டுவான். 'வா, வா' என்று அர்த்தம். அப்படியே பாபு எல்லைக்கோட்டில் நின்று "லா... லா..." என்று ராகம் போடுவான், நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதுகை முன்னால் விட்டு ஓடுவேன். கோயிலுக்கு வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தீமிதிக்குப் பதிலா இந்த வருசம் இது நேத்திக்கடனா?" என்று கேட்டார். ஒருவகையில் நேர்த்திக்கடன்தான். வள்ளி தினமும் வேலைக்குப் போகும் வழியில் வேலி ஓரம் நின்று பார்ப்பாள். வாயைக் கையால் மூடிக்கொண்டிருப்பாள். எனக்காகப் பதறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூர்த்தி வந்தான். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. கையில் இரண்டு முனையும் கூராக ஒரு பந்து. கண்டதும் என்னைக் கட்டிக்கொண்டான்.

"ஸயா, பசங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்களா?"

"எல்லாம் தயார்."

"ரன்னிங் பேக் யாரு?"

"நான்தான்."

"சபாஷ்! காலு வலுவா?"

"குதிகாலு ரொம்ப வலு."

அவன் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் அத்தனை நிம்மதியாக அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைதானத்தைச் சுற்றிப் பேட்டையே நின்றது. டீக்கடையின் இரண்டு கட்சிகளும் ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தன. மூர்த்தி எதிரணிக்குத் தலைவன். அவனுடைய சித்தப்பா மகன்களுக்கு முந்தின நாள் அவனே சொல்லிக்கொடுத்திருந்தான். நடுவரும் அவனே. பந்து முதலில் எங்களுக்கு. கைக்கு வந்ததும் மார்போடு அணைத்துக்கொண்டேன். கம்பீரமாக அரைச் சுற்றுத் திரும்பினேன். என் முதுகு எதிரணிப் பக்கம். என் ஆட்கள் ஐவரும் அதேபோல் திரும்பினார்கள். பிறகு ஆறு பேரும் பின்னால் ஓட ஆரம்பித்தோம்.

எதிரணி அசையவில்லை. மூர்த்தி வாயைத் திறந்தவன் மூடவில்லை. எங்களை எப்படிப் பிடிப்பது என்றே ஒருவருக்கும் தோன்றவில்லை, ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களைத் தாண்டி நான் போகப் போக, வரிசையாக அந்த முகங்கள் என் எதிரே சிறிதாகிக்கொண்டே போயின. என் வேகத்தைக் கண்டு பிரமித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பாபு மட்டும் பாதியில் திரும்பி, நேராக ஓடிப்போய்க் கோட்டில் நின்று "லா... லா... லா..." என்று அழைத்தான். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பேட்டையே கூச்சல் போட்டது.

நிறுத்தச் சொல்ல வேண்டியது பாபு. ஆனால் பாபு அதற்குள் சந்தோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவிட்டான். கூச்சல் எனக்கு உற்சாகம் என்று பட்டது. நான் நிற்கவில்லை. மைதானத்து வேலியில் திறந்திருந்த வாசல் வழியாகப் பின்னாலேயே தெருவுக்குப் போய்விட்டேன்.

தெருவில் ஒரு ஸைக்கா நின்றிருந்தது. சைக்கிளுக்குப் பக்கத்தில் வண்டி கோத்த ஸைக்காவில் இரண்டு இருக்கை. ஒருவர் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் மற்றவர் முதுகோடு முதுகாகப் பின்னால் பார்த்து உட்கார வேண்டும். முன் இருக்கையில் வள்ளியின் அம்மா டோ கின், ஆட்டக்காரர்களுக்கு மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் செய்ய பஜாரிலிருந்து வந்துகொண்டிருந்தார். என்ன கூட்டம் என்று பார்க்க வண்டியை நிறுத்தச் சொல்லியிருந்தார். பின் இருக்கையில் வாத்து முட்டைக் கூடை.

நான் அதில்தான் உட்கார்ந்தேன்.

முட்டைகள் நொறுங்கி இறங்கும் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. டோ கின் பர்மியக்காரர், மரியாதை தெரிந்தவர். தலையைத் திருப்பாமலே, "யார் அது?" என்று பர்மியில் கேட்டார்.

"நான்தான், அம்மா."

ஸைக்காக்காரர் மிதியில் கால் வைத்தபடி என்னிடம், "எங்கே போகணும்?" என்றார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். அப்போது கையில் பணம் இருந்திருந்தால் ஊருக்கு வெளியே மாவ்பிக்கே விடச் சொல்லியிருப்பேன்.

மூர்த்தி ஓடிவந்தான். பின்னால் பேட்டை.

"ஸயா, அடி பட்டுச்சா? ஏன் ஸயா பின்னால ஓடினீங்க?"

முட்டை ஒழுகும் லுங்கியோடு, கையில் இன்னும் பந்தோடு, என்னால் முடிந்த கௌரவத்துடன் சொன்னேன்: "நான் ரன்னிங் பேக் இல்லையா?"

மூர்த்தி என்னைப் பார்த்தான். என் ஆட்களைப் பார்த்தான். தன் அப்பாவைப் பார்த்தான். பிறகு அப்படியே தெருவில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் விஷயத்தைச் சொன்னான். ரன்னிங் பேக் என்றால் பின்வரிசையில் நின்று பந்தை வாங்கி ஓடுகிறவன். முன்னால் பார்த்துத்தான் ஓடுவான். உலகத்தில் எல்லோரையும் போல.

என் மாணவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் முதுகில் உறைக்கிறது. ஊ பழனி எழுந்தார். ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னால் ஓடக்கூடாது என்று விதியில் இல்லை என்பதால் நான் எடுத்த புள்ளி செல்லும் என்றான் மூர்த்தி, நேர்மையானவன். அதோடு சரி. முன்னால் ஓட ஆரம்பித்ததும் நாங்கள் படுதோல்வி. கோப்பை எதிரணியில் பந்து எறிந்த அவன் சித்தப்பா மகனுக்குப் போனது. குவார்ட்டர்பேக்குக்கே. "என்ன செய்றது ஸயா" என்றான் மூர்த்தி வெட்கத்தோடு. "நின்னு பாத்தா எறியறவன்தான் கண்ணுக்குத் தெரியறான். அவனுங்க சொன்னது சரிதான் போல."

அந்த வாரம் வகுப்புக்கு வந்தவர் ஒருவர். அவரும் மின்விசிறிக்கு அடியில் தூங்க வந்தவர். நான் பருப்புக் கடைப் பக்கமே போகவில்லை. வள்ளி போன் செய்தபோதும் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

ஒருநாள் பாபு டாக்சியில் வந்து, "ஏறு ஸயா" என்று இழுத்துக்கொண்டு போய் டீக்கடையில் இறக்கினான். உள்ளே ஊ பழனியின் குரல்.

"ஸயா சொன்னதுதான்யா அசல் ஆட்டம்! அமெரிக்காக்காரன் பின்னால ஓட முடியாம இப்ப மாத்திப்புட்டான். மூர்த்தி சின்னப்பய, அவனுக்கு என்ன தெரியும்?"

என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார். பாபுவின் வண்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சொன்னது தப்புன்னு எனக்குத் தெரியும்."

"மன்னிச்சிருங்க ஊலே."

"மன்னிப்பு கெடக்கட்டும். கடை கடையா சண்டை போட்டுப்புட்டேன். இனிமே மாத்திப் பேசினா இந்தப் பேட்டையில நான் பருப்பு விக்க முடியாது. நீங்களும் மாத்திப் பேசாதீங்க."

"சரி."

"மாப்பிள்ளையா வர்றவன் என் கட்சியில நிக்கணும். புரியுதா?"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. (அர்த்தம் சொல்வதில் என் திறமைதான் தெரியுமே.) புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூர்த்தி அன்றே சம்மதம் சொல்லிவிட்டானாம். "தெரியாத ஆட்டத்துக்கே இவ்வளவு உயிரக் குடுக்கறவரு, தெரிஞ்ச பொண்ணை விட்டுடுவாராப்பா?" என்றானாம். டோ கின் ஒன்றே ஒன்று கேட்டாராம்: இனி அந்த மனிதர் உட்காருவதற்கு முன் திரும்பிப் பார்ப்பாரா?

கல்யாணத்துக்குப் பிறகு நான் வகுப்பை மூடிவிட்டுப் பருப்புக் கடையில் உட்கார்ந்தேன். ஊ பழனி இறந்து சில வருஷங்களாகின்றன. கடைசிவரை கட்சி மாறவில்லை. பாபு மலேசியாவில் லாரி ஓட்டுகிறான். அந்த நாலு மாணவர்களும் திசைக்கு ஒருவர். மைதானத்தில் பாதியைக் கட்டடம் தின்றுவிட்டது. மூர்த்தியால் மறுபடி வர முடியவில்லை; போனில்தான் வருகிறான். ஆட்ட சீசன் தொடங்கினால் எந்த ஓட்டக்காரன் எவ்வளவு ஓடினான் என்று சொல்லிவிட்டு, "இந்தத் தடவையாவது குடுப்பானுங்களா மச்சான்?" என்று கேட்பான். கொடுப்பார்கள் என்பேன். அதை மட்டும் மாத்திப் பேசுவதில்லை.

எங்கள் மகளுக்கு இப்போது பள்ளிக்கூட வயது. தமிழ் புரியும், பேச்செல்லாம் பர்மி. இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு என்னிடம் வருவாள். நான் தொண்டையைச் செருமி வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து வள்ளியின் குரல் வந்துவிடும்:

"அப்பாவக் கேக்காத பாப்பா! அவரு சொல்ல மாட்டாரு, செஞ்சே காட்டிடுவாரு!"